இரண்டாம் முறை கேட்பவர்

(திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர்களுக்காக ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த ஊர்க்காரர்களுக்கு ஊளம்பாறையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பேரூர்க்கடைப் பக்கம் உள்ள ஓர் இடத்தின் பெயர், அவ்வளவுதான். ஆனால் யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசிவிட்டால், "இவனை ஊளம்பாறைக்கு அனுப்பணும்" என்று சிரிப்போம். சென்னையில் அந்த வேலையைக் கீழ்ப்பாக்கம் செய்கிறது, கோழிக்கோட்டில் குதிரவட்டம். ஊளம்பாறை மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1870, திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலம். கீழ்ப்பாக்கம் மருத்துவமனை இப்போதுள்ள வளாகத்துக்கு வந்தது 1871ல். குதிரவட்டம் 1872. அடுத்தடுத்து மூன்று வருஷங்களில் மூன்று மதில்கள். நூற்றைம்பது வருஷமாக மனநோய் என்றதும் நம் கண்ணில் முதலில் தெரிவது அந்த மதில்தான். இன்று நான் பேசப்போவது அந்த மதிலுக்குள் ஒருநாளும் போகாதவர்களைப் பற்றி. மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான்.

நான் மருத்துவன் அல்ல. மருத்துவ ஆய்வுகளைப் படித்து அவற்றைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறவன். ஆகவே யாருக்கும் மருந்து எழுதித் தரப்போவதில்லை. கடந்த முப்பது வருஷங்களில், முக்கியமாக நம் தென்பகுதியில், மனச்சோர்வைப் பற்றி என்ன கண்டிருக்கிறார்கள், அதில் எதை நம்பலாம், எதைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

கணக்கில் தொடங்குவோம், ஏனென்றால் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. 2009ல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நகரத்தில் 25,455 பேரிடம் கேட்டதில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் மனச்சோர்வு தெரிகிறது என்றார்கள். அதன்பின் 2015–16ல் பெங்களூரிலுள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. கேரளமும் தமிழ்நாடும் அதில் உண்டு. கேட்ட சமயத்தில் மனச்சோர்வு இருந்தவர்கள் 2.7 சதவீதம் என்றது அது. வாழ்நாளில் எப்போதாவது வந்து போனவர்களைச் சேர்த்தால் 5.2. பதினைந்து எங்கே, இரண்டே முக்கால் எங்கே?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கேட்ட விதம் வேறு. சென்னையில் கையாண்டது கேள்விப் பட்டியல். கடந்த நாட்களில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா, உறக்கம் கெட்டதா, சாப்பாடு பிடிக்காமல் போனதா என்று வரிசையாகக் கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட்டு, ஓர் அளவைத் தாண்டியவர்களை எண்ணுவது. நிம்ஹான்ஸ் கையாண்டது நோய் நிர்ணயத்துக்கான நேர்காணல். அறிகுறிகள் இத்தனை இருக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு வாரமாவது இருக்க வேண்டும், அன்றாட வேலையைக் கெடுத்திருக்க வேண்டும். வலையின் கண் சிறிதானால் பொடிமீனும் சிக்கும். பெரிதானால் சிலது தப்பிக்கும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து, மாமியார் அடுக்களையிலிருந்து காது கொடுத்துக்கொண்டிருக்க, முன்பின் தெரியாத ஒருவர் "உங்களுக்குச் சாகலாம் என்று தோன்றியதுண்டா?" என்று கேட்டால் எந்த மருமகள் ஆமாம் என்பாள்? ஆகவே நாளிதழில் "இத்தனை பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு" என்று பார்த்தால், எந்த எண் என்று பார்ப்பதற்கு முன்னால் யார், எங்கே வைத்து, எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

சிறிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் நிம்மதிப்பட இடமில்லை. அதே தேசிய ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்: மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எதுவும் கிடைக்கவில்லை. 2017ஆம் ஆண்டுக்கான நோய்ச்சுமைக் கணக்கு ஒன்று லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. இந்தியாவில் சுமார் 4.57 கோடிப் பேருக்கு மனச்சோர்வு என்றது. தமிழ்நாடும் கேரளமும் ஆந்திரமும் தெலங்கானாவும் பட்டியலின் மேல்பக்கத்தில் இருந்தன. மனச்சோர்வு அதிகமுள்ள மாநிலங்களில் தற்கொலைச் சாவும் அதிகம் என்றும் அது காட்டியது.

ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாகப் பேசப்பட்டது. காலனிக் காலத்து மருத்துவர்கள் பலர், மனச்சோர்வு ஐரோப்பியருக்கு வருவது, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அபூர்வம் என்று எழுதினார்கள். அந்த மூடநம்பிக்கையை – ஆமாம், மூடநம்பிக்கை என்றுதான் சொல்கிறேன் – உடைத்தவர்களில் மதுரை டாக்டர் ஏ. வெங்கோபராவ் ஒருவர். மதுரை அரசு மருத்துவமனையில் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் மனச்சோர்வையும் தற்கொலை முயற்சியையும் முதியோரின் மனநலத்தையும் ஆராய்ந்தார். பெரிய நகரத்து ஆய்வகம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. வந்தவர்களிடம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் பெயர் மதுரையிலேயே இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

அபூர்வம் என்று அந்த மருத்துவர்கள் நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஆட்கள் டாக்டரிடம் போய் "துக்கமாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. நாகர்கோவில் பக்கம் "மேலெல்லாம் வலிக்கு" என்பார்கள். இங்கே "க்ஷீணம்" என்பார்கள். தலை கிறுகிறுப்பு, நெஞ்சு படபடப்பு, வயிற்றில் எரிச்சல். இதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு மனதைச் சொல்லத் தெரியாது, உடம்பாகத்தான் சொல்லத் தெரியும் என்று புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். 1996ல் ஆர். ரகுராமும் மிட்செல் வைஸும் மற்றவர்களும் பெங்களூரில் 80 நோயாளிகளிடம் விரிவாகப் பேசினார்கள். அந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. துக்கம், வெறுமை என்று மனதை முன்னிறுத்திச் சொன்னவர்களுக்கு, வெளியே தெரிந்தால் அவமானம் என்ற பயம் அதிகமாக இருந்தது. உடம்பு வலியை முன்னிறுத்தியவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. தலைவலி எல்லாருக்கும் வருவதுதானே, அதைச் சொன்னால் யார் என்ன நினைப்பார்கள்? அதாவது சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் எதைச் சொல்வாள், எதை மறைப்பாள் என்பதற்கு ஆய்வுக்கூட அறிவு வேண்டாம்.

இதன் பலன் என்னவென்றால், ஊர் டாக்டர் சத்து மாத்திரை எழுதுகிறார், பிறகு குளுக்கோஸ் ஏற்றுகிறார், பிறகு ஸ்கேன். ஒவ்வொன்றிலும் "ஒன்றுமில்லை" என்று வருகிறது. ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டே அந்த அம்மாவின் மனசு இன்னும் நொந்துபோகிறது.

அடுத்தது வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல வருஷங்களாக வீடுவீடாகக் கவனித்துவரும் காணியம்பாடி வட்டாரத்தில், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி ஓர் ஆய்வு 2002ல் வந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே 359 பெண்களைச் சேர்த்து, பிரசவத்துக்குப் பிறகு மறுபடி பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். யாருக்கு வந்தது என்ற பட்டியலைத்தான் கவனிக்க வேண்டும். வருமானம் குறைவான வீடு. மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல். கர்ப்பக் காலத்தில் வீட்டில் நடந்த கெட்ட சம்பவங்கள். கைக்கு உதவி இல்லாதது. ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது. அதே வருஷம் வெளிவந்த கோவா ஆய்விலும் பெண் குழந்தை விஷயம் தலைகாட்டியது. மேலைநாட்டுப் பாடப்புத்தகங்கள் ஹார்மோன் மாற்றம் என்று தொடங்கும் இடத்தில், காணியம்பாடி ஆய்வு பிள்ளை பெற்றவளைச் சுற்றி நிற்கும் வீட்டைக் காட்டுகிறது. ஹார்மோனுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பெண்களுக்கும்தான் பிரசவத்தில் ஹார்மோன் மாறுகிறது. கேரள அரசு தாய்மாரின் மனநலத்துக்கென்று "அம்மமனஸ்ஸு" என்ற திட்டத்தை வைத்திருக்கிறது, நல்ல விஷயம். அதில் மாமியாரையும் உட்கார வைத்துப் பேசினால் இன்னும் நல்ல விஷயம்.

இனி கேரளம். கல்வி, ஆயுள், சிசு மரணம் எதை எடுத்தாலும் முன்னால் நிற்கும் மாநிலம், தற்கொலைக் கணக்கிலும் முன்னால் நிற்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ல் லட்சம் பேருக்கு 28.5, இந்திய சராசரி 12.4. தமிழ்நாடு 25.9, எனவே நாம் யாரையும் பார்த்து விரல் நீட்ட முடியாது. கேரளத்தின் எண் 2015ல் 21.6 வரை இறங்கியிருந்தது. 2020ல் 24. பிறகு ஏறியது.

இதற்கு உடனே ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கல்ஃப், குடி, கடன், வேலையில்லாப் படித்தவர்கள், தனியாக விடப்பட்ட முதியவர்கள். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. கேரளப் புலம்பெயர்வு ஆய்வு என்று 1998லிருந்து தொடர்ந்து நடக்கிறது, இதே ஊரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் தொடங்கியது. அதன் 2023 கணக்கில் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில். அதே மையத்தைச் சேர்ந்த லீலா குலாத்தி, கணவன் வளைகுடாவுக்குப் போனபின் இங்கே இருந்த பெண்களின் வாழ்க்கையைப் பற்றி 1993லேயே ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்களை வெறும் பரிதாபத்துக்குரியவர்களாக அவர் பார்க்கவில்லை. வங்கிக்குப் போகவும் வீடு கட்டவும் கற்றுக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். பிரிவு என்றால் சோர்வு என்று நேர்கோடு போட்டுவிட முடியாது.

தற்கொலை பற்றிய போலீஸ் கணக்கில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 2022ல் நாடு முழுக்க "குடும்பப் பிரச்சினை" 31.7 சதவீதம், "நோய்" 18.4 சதவீதம். ஒரு மனிதனின் முடிவை ஒற்றைக் கட்டத்தில் அடைத்துவிட்டு, அதைக் கூட்டிப் பெருக்கி நாம் கொள்கை வகுக்கிறோம். எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை. மொத்த எண்ணும்கூட முழுமையானதல்ல. வீடுவீடாகச் சென்று இறப்புக்கான காரணத்தை விசாரித்த ஆய்வு 2012ல் லான்செட்டில் வந்தது. 2010ல் இந்தியாவில் சுமார் 1,87,000 தற்கொலைகள் என்று அது மதிப்பிட்டது. போலீஸ் பதிவு அதைவிட மிகக் குறைவு. ஆகவே கேரளம் மேலே தெரிவதில் ஒரு பங்கு, இங்கே பதிவு ஒழுங்காக நடப்பதால் இருக்கலாம். ஒரு பங்குதான். அதே வீடுவீடான ஆய்வும் தென்மாநிலங்களில் வீதம் அதிகம் என்றே கண்டது.

சரி, என்ன செய்தால் குணமாகிறது?

மருந்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் வாட்ஸப் ஞானம் அதிகம். மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். 2022ல் லண்டனில் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்தக் கருத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். உடனே "மாத்திரை எல்லாம் ஏமாற்று" என்று செய்தி பறந்தது. ஆனால் 2018ல் சிப்ரியானி குழுவினர் 522 பரிசோதனைகளை, ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்ததில் 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. சராசரியில் அந்தக் கூடுதல் மிதமானதுதான். இரண்டு முடிவுக்கும் முரண் இல்லை. ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்று நமக்குச் சொல்லப்பட்ட கதை தவறாக இருக்கலாம். மருந்து வேலை செய்வது அதனால் நின்றுவிடாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் யாரும் இன்று வீட்டுக்குப் போய்த் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்தவரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியது அது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை கோவாவில் நடந்த இரண்டு ஆய்வுகள். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவரோடு இருந்தவர்களும் செய்தவை. முதலாவது 2010ல் வெளியானது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலையங்களில் ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் சுமார் 66 சதவீதம். ஆலோசகர் இல்லாத நிலையங்களில் 42.5. தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. பலர் இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எனக்கு அது முக்கியம். ஆலோசகரை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் மாயம் நடந்துவிடும் என்றில்லை.

இரண்டாவது 2017ல். மனச்சோர்வு கடுமையாக உள்ள 495 பேர். அவர்களுக்குத் தந்த சிகிச்சையின் அடிப்படை மிக எளிது. சோர்வு வந்தவர் வேலைகளை ஒவ்வொன்றாக விடுகிறார். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவதை விடுகிறார், கடைக்குப் போவதை விடுகிறார், தங்கையோடு பேசுவதை விடுகிறார். விட விட, மனதுக்கு ஏதாவது நல்லது நடக்கும் வாய்ப்பும் குறைகிறது. சோர்வு கூடுகிறது. ஆலோசகர் அவரோடு உட்கார்ந்து, முன்பு பிடித்ததில் சின்னதாக ஒன்றை எடுத்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்கிறார். மனசு சரியான பிறகு செய்வோம் என்று காத்திருக்க வேண்டாம், செய்துகொண்டிருக்கும்போதே சரியாகும் என்பது அதன் சூத்திரம். அடுத்த முறை வரும்போது நடந்ததா என்று கேட்கிறார். வரவில்லையென்றால் வீட்டுக்கே போகிறார். ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள். மூன்று மாதத்தில் நோய் விலகியவர்கள் 64 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 39. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா இதே போக்கில் வேறொன்று செய்தார். மருத்துவமனைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற பாட்டிகள். அதுவும் நல்ல பலன் தந்ததாக 2016ல் பதிவாயிற்று.

மனநலம் படிக்காதவர்கள் போதும் என்றால் மனநல மருத்துவர் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கடுமையானவர்களை அனுப்பி வைக்க, பயிற்சி தர, ஆலோசகர் தடுமாறும்போது கைகொடுக்க அவர் வேண்டும். கோவாவிலும் அவர் பின்னால் இருந்தார்.

இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தியது, 2008ல் முடிவு வந்தது. சென்னை ஓரிடம், கொழும்பு ஓரிடம். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் பிழைத்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிப் பேருக்கு அதோடு, வீடு திரும்பும் முன் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா? அவ்வளவுதான். பதினெட்டு மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. இறப்புகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் இதை வைத்து மார்தட்டிக்கொள்ள முடியாது. ஆனாலும் இதைப் படித்த அன்று நான் வேறெதுவும் படிக்கவில்லை. சென்னையில் அந்த வேலையை முன்னின்று செய்த டாக்டர் லட்சுமி விஜயகுமார், 1986லேயே "சினேகா" என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். எதிர்முனையில் யாராவது எடுத்துக் கேட்டால் போதும் என்ற நம்பிக்கையில் நடப்பது அது.

கோவா, சென்னை, கொழும்பு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. முதல் தடவை கேட்பதை நாம் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டோம். கேள்விப் பட்டியல் இருக்கிறது, முகாம் போடுகிறோம், உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று பலூன் பறக்கவிடுகிறோம். பலன் தந்ததெல்லாம் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்து கேட்டது.

கேரளம் இதை அறியாமல் இல்லை. ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் குடும்ப சுகாதார மையங்களில் "ஆஸ்வாசம்" என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறிந்து அங்கேயே சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. ஒன்பது கேள்விகள் கொண்ட பட்டியலை வைத்து நர்சுகள் கேட்கிறார்கள், பயிற்சி பெற்ற டாக்டர் பார்க்கிறார். தலைநகரத்து மதிலைத் தாண்டி, காட்டாக்கடையிலும் நெடுமங்காட்டிலும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவரிடம் உறக்கம் எப்படி என்று கேட்கும் ஏற்பாடு. இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் இதைக் கனவுகூடக் காணவில்லை. ஆனாலும் நான் முன்பு சொன்ன தற்கொலை எண் இதே வருஷங்களில் ஏறியது. திட்டம் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. தற்கொலைக்கு மனச்சோர்வு ஒன்றே காரணமுமில்லை. ஆனால் கேட்கப்பட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், வராதவர் வீட்டுக்கு யார் போனது என்று நாம் அரசைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

வீட்டுக்குப் போவது யார் என்பதற்கு விடை எல்லாருக்கும் தெரியும். ஆஷா பணியாளர். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, படுத்த படுக்கையாக இருப்பவர்கள், இப்போது மனமும். அந்த ஆஷாக்கள்தான் 2025 பிப்ரவரி 10 முதல் மாதக்கணக்கில் நம் தலைமைச் செயலகத்தின் முன்னால் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொன்னார்கள். நவம்பரில் பகல்-இரவுப் போராட்டத்தை முடித்துக்கொண்டபோது கூடியிருந்தது 1,000 ரூபாய். லான்செட்டில் வரும் கட்டுரைகள், நிபுணர் செய்யும் வேலையைச் சாமானியரும் செய்யலாம் என்று நிரூபிக்கின்றன. அந்தச் சாமானியருக்கு என்ன கூலி என்பது கட்டுரையின் கடைசிப் பக்கத்தில்கூட வருவதில்லை. கோவாவில் ஆலோசகருக்கு வேறு வேலை இல்லை, சம்பளம் இருந்தது, வாராவாரம் அவருடைய வேலையைக் கேட்டுத் திருத்த ஆள் இருந்தது. அதையெல்லாம் கழற்றிவிட்டு, பதினெட்டாவது வேலையாக மனதை ஓர் ஆஷாவின் பையில் போட்டால் கோவாவின் 64 சதவீதம் இங்கே வராது.

இந்த ஊரில் வாழும் தமிழர்களுக்கு நடைமுறையாக ஒரு தகவல். கேரள அரசின் "திஷா" உதவி எண் 1056. மத்திய அரசின் "டெலி மானஸ்" 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை. அதில் தமிழ் உட்பட இருபது மொழிகளில் பேசலாம். கேரளத்திலிருந்து அழைத்தாலும் மலையாளத்தில்தான் பேச வேண்டும் என்றில்லை, எடுத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உங்களுக்காக மட்டுமல்ல, வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலையாக இருந்தாலும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் பக்கத்திலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.